விண்வெளிச் சூரிய மின்சாரம்: தமிழில் எழுத வருகிறவர்கள் சொல் தேடும் வழி

பல்லடத்திலிருந்து சோமனூர் வரை எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் தறிச் சத்தம் காதில் விழும். கையால் ஓட்டியது கைத்தறி, மின்சாரத்தில் ஓடுவது விசைத்தறி. ஆங்கிலத்தில் ‘பவர்’ என்று இருந்ததை இங்கே ‘விசை’ ஆக்கிக்கொண்டார்கள். அதே பவர், தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் ‘குதிரைத்திறன்’. தறிக்குடோன் கூரையில் பேனல் போட்டால் ‘சூரிய சக்தி’. விசை, திறன், சக்தி என்று மூன்று சொற்கள் மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. தறி தெரியும், மோட்டார் தெரியும், பேனல் தெரியும். பொருள் கண் முன்னே இருந்தால் சொல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் காரியம் ஓடிவிடும்.

கண்ணால் பார்க்காத பொருளைப் பற்றி எழுதும்போது அந்தச் சலுகை கிடையாது. செயற்கைக்கோளில் பெரிய பேனல்களை விரித்து, அங்கே விழும் வெயிலை மின்சாரமாக்கி, கம்பியில்லாமல் பூமிக்கு அனுப்புவது என்ற யோசனை அப்படிப்பட்டது. பீட்டர் கிளேசர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1968இல் இதை முறையாக எழுதி முன்வைத்தார். ஜப்பான், சீனா, ஐரோப்பா, அமெரிக்கா என்று பல இடங்களில் சோதனைகள் நடக்கின்றன. நம் அப்துல் கலாமும் 2010இல் அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்தோடு சேர்ந்து இதற்காக ஒரு முயற்சியை அறிவித்தார். வாசகருக்கு இதில் எதையும் தொட்டுப் பார்க்க வழியில்லை. நாம் எழுதும் சொல் மட்டும்தான் அவருக்குப் பொருள். சொல் பிசகினால் அவர் மனதில் வேறொரு பொருளே உருவாகிவிடும்.

சில ஆண்டுகளாக அறிவியல் கட்டுரைகளைத் தமிழில் எழுதியும் மொழிபெயர்த்தும் வருகிறேன். புதிதாக எழுத வரும் கல்லூரிப் பிள்ளைகளும் பள்ளி ஆசிரியர்களும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “இதுக்குத் தமிழ்ல என்னங்க?” என்பதுதான். இந்தப் பொருளுக்கு நான் சொல் தேடிய வழியை அடி அடியாக இங்கே எழுதுகிறேன். என் சொற்களை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. வழியை மட்டும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

முதல் அடி: பெயரைத் தேடாதீர்கள், நடப்பதை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, ஒரு கலைச்சொல்கூட இல்லாமல், என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். என் தாளில் இப்படி இருந்தது: மேலே வெயில் விழுகிறது. பேனல் அதை மின்சாரமாக்குகிறது. ஒரு கருவி அந்த மின்சாரத்தை அலையாக்குகிறது. அலை கீழே வருகிறது. தரையில் விரித்த கம்பிவலை அதை வாங்குகிறது. வாங்கியதைத் திரும்பவும் மின்சாரமாக்குகிறது. அந்த மின்சாரம் ஊர் லைனில் சேர்கிறது.

இந்த ஏழு வாக்கியங்களில் ஒரே பொருள் வெயிலாகவும், மின்சாரமாகவும், அலையாகவும், மறுபடி மின்சாரமாகவும் மாறிக்கொண்டே வருகிறது. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். காட்டில் எடுப்பது பருத்தி. கொட்டை நீக்கினால் பஞ்சு. மில்லில் நூற்றால் நூல். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. நெய்து இறக்கினால் காடா. சாயம் ஏறி வந்த பிறகுதான் கடைத்துணி. இத்தனையையும் ‘பருத்தி’ என்ற ஒரே சொல்லால் சொன்னால் சோமனூரில் ஒரு நாள்கூட வியாபாரம் செய்ய முடியாது. பருத்திக்கு ஒரு விலை, நூலுக்கு ஒரு விலை, காடாவுக்கு ஒரு விலை.

ஆனால் இந்தப் பொருளைப் பற்றி வரும் பல கட்டுரைகள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ‘சூரிய சக்தி’ என்ற ஒரே சொல்லை ஓட்டுகின்றன. விண்வெளியில் சூரிய சக்தி பெறப்பட்டு, சூரிய சக்தி பூமிக்கு அனுப்பப்பட்டு, சூரிய சக்தி வீடுகளுக்கு வழங்கப்படும் என்கின்றன. படிப்பவர் மேலே ஒரு கண்ணாடி இருந்து வெயிலைத் திருப்பி விடுவதாக நினைத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடியால் வெயிலையே திருப்பி விடும் யோசனையும் தனியாக இருக்கிறது. ரஷ்யர்கள் 1993இல் 20 மீட்டர் அகலத்தில் அப்படி ஒன்றை விண்வெளியில் விரித்துச் சோதித்தார்கள். இரண்டும் வேறு வேறு பொருள் என்று வாசகருக்குத் தெரிய வேண்டுமானால் இடையில் வரும் அலைக்குத் தனிப்பெயர் வேண்டும்.

ஆகவே முதல் விதி: உருமாறும் ஒவ்வொரு இடத்திலும் பெயரை மாற்றுங்கள். விழுவது வெயில் அல்லது சூரிய ஒளி. பேனலிலிருந்து வருவது மின்சாரம். கீழே வருவது நுண்ணலை (மைக்ரோவேவ்). தரையில் கிடைப்பது மின்சாரம்.

அடுத்து: அந்த மின்சாரம் யாருக்கு?

‘விண்வெளி சூரிய சக்தி’ என்றவுடன் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது செயற்கைக்கோளின் இருபுறமும் இறக்கை போல நீண்டிருக்கும் பேனல்கள். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களில் அநேகமாக எல்லாமே, பன்னாட்டு விண்வெளி நிலையம் உட்பட, அந்தப் பேனல் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அந்த மின்சாரம் அவற்றுக்கே செலவாகிறது. நாம் எழுதப்போவது பூமிக்கு வரும் மின்சாரத்தைப் பற்றி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கே எடுக்கிறோம் என்பதில் இல்லை, எங்கே செலவாகிறது என்பதில் இருக்கிறது. கிணற்று மோட்டாருக்குத் தோட்டத்தில் சோலார் போட்டவரையும், ஈபி லைனுக்கு மின்சாரம் விற்பவரையும் நாம் ஒரே பெயரில் சொல்வதில்லை அல்லவா, அது போலத்தான்.

ஆங்கிலத்திலும் இந்தப் பெயர் ஒரே இடத்தில் நின்றதில்லை. கிளேசர் ‘சாட்டிலைட் சோலார் பவர் ஸ்டேஷன்’ என்றார். 1970களின் கடைசியில் அமெரிக்க எரிசக்தித் துறையும் நாசாவும் செய்த பெரிய ஆய்வில் அது ‘சாட்டிலைட் பவர் சிஸ்டம்’ ஆனது. 2007இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை சார்ந்த ஓர் அறிக்கை ‘ஸ்பேஸ் பேஸ்டு சோலார் பவர்’ என்றது. மூலமே மூன்று பெயரில் ஓடும்போது, ஏதோ ஒன்றைப் பிடித்துச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் நல்ல பெயர் கிடைக்காது. ‘விண்வெளி அடிப்படையிலான சூரிய சக்தி’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். தமிழில் அடிப்படை என்றால் அஸ்திவாரம். விண்வெளியை அஸ்திவாரமாகக் கொண்ட சக்தி என்று படித்தால் ஒரு சித்திரமும் எழவில்லை. ‘விண்வெளிசார்’ என்பதும் அதே சரக்குதான்.

நான் கடைசியில் வைத்துக்கொண்ட பெயர் ‘விண்வெளிச் சூரிய மின்சாரம்’. கட்டுரையில் முதல் முறை வரும்போது மட்டும் ‘விண்வெளியில் எடுத்துப் பூமிக்கு அனுப்பும் சூரிய மின்சாரம்’ என்று நீட்டி எழுதிவிடுவேன். அப்புறம் சுருக்கப் பெயர் போதும். ‘சக்தி’யைத் தள்ளி ‘மின்சார’த்தை வைத்ததற்குக் காரணம், ஊர் லைனில் வந்து சேர்வது மின்சாரம் என்பதை அந்தச் சொல் மறக்க விடாது.

சுருக்கமான பெயர் வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. ‘விண்மின்’ என்று ஒரு சொல்லை வைத்து மகிழ்ந்திருந்தேன். எழுதி அனுப்பிய கட்டுரை அச்சில் வந்தபோது எல்லா இடத்திலும் ‘விண்மீன்’ என்று திருத்தியிருந்தார்கள். விண்மீனிலிருந்து மின்சாரம் எடுப்பதாக ஒரு பக்கம் முழுக்க ஓடிவிட்டது. திருத்தியவர் மேல் தவறில்லை. ஒரே ஒரு குறியால் மட்டும் வேறுபடும் சொல்லை, அதுவும் அதே வானத்தில் இருக்கும் இன்னொரு பொருளின் பெயரோடு ஒட்டி உரசும் சொல்லை, வைக்கக்கூடாது. ‘வான்மின்’ என்றால் மின்னல் நினைவு வருகிறது. ‘விண்ணாலை’ அழகாக இருக்கிறது. பஞ்சாலை, நூற்பாலை, காற்றாலை என்று ஆலைகளுக்கு நடுவில் வாழும் நமக்கு அது இயல்பாகவும் ஒலிக்கிறது. ஆனால் நான் கேட்ட நாலு பேரில் மூன்று பேர் ராக்கெட் செய்யும் தொழிற்சாலை என்றார்கள். ‘விண்வெளி மின்நிலையம்’ என்றால் விண்வெளி நிலையத்தில் போய் முட்டும். ‘வான்வெளி’ வேண்டவே வேண்டாம். அது விமானம் பறக்கும் இடம். சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களிடம் வான்வெளி என்றால் தலைக்கு மேல் பறக்கும் விமானத்தைத்தான் நினைப்பார்கள். ‘வி.சூ.மி.’ என்று எழுத்துகளாகச் சுருக்குவதும் தமிழில் நிற்பதில்லை. நீளமாக இருந்தாலும் படித்தவுடன் புரிகிற பெயரே எனக்குப் போதும்.

சக்தி, ஆற்றல், திறன்

பேச்சில் எல்லாமே சக்தி. பாடநூலில் விசை ஒன்று, ஆற்றல் ஒன்று, திறன் ஒன்று. இலங்கைத் தமிழில் ஆற்றலைச் சக்தி என்றும் திறனை வலு என்றும் சொல்வார்கள். செயற்கைக்கோள் அங்கே செய்மதி. உங்கள் வாசகர் யாழ்ப்பாணத்திலும் இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நான் கண்ட மருந்து, அலகைச் சேர்த்து எழுதுவது. பேனல் போட்டவருக்கெல்லாம் ‘மூணு கிலோவாட் போட்டிருக்கேன், மாசம் இத்தனை யூனிட் வருது’ என்று சொல்லத் தெரியும். கிலோவாட் என்றால் திறன், யூனிட் என்றால் ஆற்றல். அந்த வேறுபாடு ஊருக்குள் ஏற்கெனவே இருக்கிறது, பெயர்தான் இல்லை. அதனால் ‘5,000 மெகாவாட் ஆற்றல்’ என்று எழுதாதீர்கள். ‘5,000 மெகாவாட் மின்திறன்’ என்று எழுதுங்கள். வெறுமனே ‘திறன்’ என்று விட்டால் திறன் மேம்பாட்டுப் பயிற்சி வந்து நிற்கும், அல்லது பயனுறுதிறன் (எஃபிஷியன்சி) வந்து நிற்கும். ‘மின்’ சேர்த்தால் இரண்டும் விலகிவிடும்.

வெயிலின் அளவையும் அப்படியே எழுதலாம். காற்று மண்டலத்துக்கு மேலே, சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,361 வாட் விழுகிறது. தெளிவான உச்சி வெயிலில் தரையில் அது 1,000 வாட் அளவுக்கு வரும். இந்த இரண்டு எண்களைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதானா, இதுக்கா மேலே போகணும்’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மேலே போவதன் லாபம் உச்சி வெயிலில் இல்லை, இரவும் மேகமும் இல்லாததில் இருக்கிறது. அதைச் சொல்லும்போதும் சொல்லில் கவனம் வேண்டும். பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றி, ஒரே இடத்துக்கு மேல் நிற்பது போலத் தெரியும் சுற்றுப்பாதை சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாடநூல்கள் அங்கே சுற்றுவதைப் ‘புவிநிலைத் துணைக்கோள்’ என்கின்றன. நல்ல சொல், ‘புவிநிலைச் சுற்றுப்பாதை’ என்று எடுத்துக்கொள்ளலாம். அங்கேயும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய சில வாரங்களில் இரவுதோறும், அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், பூமியின் நிழல் விழும். ஆகவே ‘24 மணி நேரமும்’ என்று எழுதக்கூடாது. ‘ஏறத்தாழ எந்நேரமும்’ என்பதே சரி.

இங்கேயே இன்னும் இரண்டு சொற்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று ‘சேமிப்பு’. விண்வெளியில் சூரிய சக்தியைச் சேமித்து அனுப்புவது என்று ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சியில் பலகை வைத்திருந்தார்கள். கூட வந்த தறிக்காரப் பெரியவர் படித்துவிட்டு, “ஏங் கண்ணு, அவ்வளவு பெரிய பேட்டரிய எப்படி மேல ஏத்துவாங்க?” என்றார். பலகை சொன்னதை அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். சேமிப்பது என்றால் வைத்திருந்து பிறகு எடுப்பது. இங்கே வைத்திருப்பது எதுவும் இல்லை, வந்த வேகத்தில் அனுப்பிவிடுகிறார்கள். ‘சேகரிப்பு’ என்றாலும் மூட்டை கட்டுவது போலத்தான் இருக்கிறது. நான் ‘எடுப்பது’ என்றே எழுதுகிறேன். இன்னொன்று ‘சூரிய மின்கலம்’. பாடநூலில் சரிதான், ஆனால் மின்கலம் என்றால் டார்ச்லைட்டில் போடும் செல்லும் அதுதான். பொது வாசகருக்கு ‘சோலார் பேனல்’ அல்லது ‘சூரியத் தகடு’ என்று எழுதினால் பேட்டரி குறுக்கே வராது.

நடுவில் வரும் அலை: இங்கேதான் அதிகக் கவனம்

மற்ற இடங்களில் சொல் தவறினால் குழப்பம் வரும். இங்கே தவறினால் பயம் வரும், அல்லது பொய்யான தைரியம் வரும். இரண்டும் கெடுதல்.

‘மின்சாரம் பாய்ச்சுதல்’ என்று எழுதாதீர்கள். கீழ்பவானி வாய்க்காலிலும் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலிலும் தண்ணீர் பாயும் ஊர்க்காரர்களுக்குப் பாய்ச்சுவது நல்ல சொல். ஆனால் செய்தித்தாளைத் திறந்தால் ‘மின்சாரம் பாய்ந்து விவசாயி பலி’. மின்சாரத்தோடு சேர்ந்தவுடன் அந்த வினை சாவைச் சொல்கிறது. வானத்திலிருந்து மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்று ஒரு தாய் படித்தால் பிள்ளையை வெளியே விட மாட்டாள். ‘அனுப்புதல்’ போதும். ஒரு பொருளை ஒருவர் அனுப்ப, இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார் என்பதுதான் இங்கே நடப்பதும்.

‘கதிர்வீச்சு’ இயற்பியலில் வெயிலுக்கும் பொருந்தும் சொல். தமிழ்நாட்டில் கூடங்குளம் போராட்டத்துக்குப் பிறகு அதற்கு ஒரே பொருள்தான், அணு உலை. கட்டுரையில் அதைப் பயன்படுத்தினால் பக்கத்திலேயே விளக்க வேண்டும். விளக்க இடமில்லை என்றால் ‘அலை’ என்று எழுதுங்கள்.

‘கற்றை’ விஷயம் இன்னும் நுட்பமானது. ஒரே திசையில் குவிந்து போகும் ஒளிக்கு ஒளிக்கற்றை என்பது பழைய வழக்கு. அப்படியானால் நுண்ணலைக்கு நுண்ணலைக் கற்றை. ஆனால் 2ஜி வழக்கு நடந்த ஆண்டுகளில் ‘அலைக்கற்றை’ என்ற சொல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அது தொலைபேசி நிறுவனங்களுக்கு அரசு ஒதுக்கும் அதிர்வெண்களைக் குறித்தது. இப்போது ‘விண்வெளியிலிருந்து அலைக்கற்றை’ என்று எழுதினால் ஏலம் நினைவு வரும். அதனால் ‘நுண்’ என்ற முன்னொட்டை ஒருபோதும் விடாதீர்கள். அதிர்வெண் ஒதுக்கீட்டைப் பற்றியும் அதே கட்டுரையில் எழுத வேண்டியிருந்தால், அங்கே அலைக்கற்றை என்று போடாமல் ‘எந்த அதிர்வெண்ணில் அனுப்பலாம் என்ற அனுமதி’ என்று விரித்து எழுதுங்கள்.

‘மைக்ரோவேவ்’ என்றால் அடுப்பு. அந்த நினைப்பை மறைக்க முயல வேண்டாம். அமெரிக்க எரிசக்தித் துறையும் நாசாவும் செய்த அந்தப் பழைய ஆய்வின் வடிவமைப்பு எடுத்துக்கொண்ட 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்தான் அடுப்பிலும் இருக்கிறது, அதை ஒட்டிய அதிர்வெண்களில்தான் வைஃபையும் ஓடுகிறது. இதைச் சொல்லுங்கள். சொன்ன கையோடு அடர்த்தியையும் சொல்லுங்கள். 1979இல் வெளிவந்த அந்த வடிவமைப்பில், தரையில் அலை வந்து விழும் இடத்தின் நட்ட நடுவில் ஒரு சதுர மீட்டருக்கு 230 வாட். உச்சி வெயிலில் கால் பங்குக்கும் கீழே. விளிம்புக்குப் போகப் போக அது வெகுவாகக் குறையும். ‘அடுப்பு அலை’ என்று மட்டும் சொன்னால் வாசகர் வெந்துபோவோம் என்று நினைப்பார். ‘வெயிலைவிடக் குறைவு’ என்று மட்டும் சொன்னால் அலைக்குள் பறக்கும் பறவைக்கும் விமானத்துக்கும் என்ன ஆகும் என்ற கேள்வியை மூடிவிடுவோம். இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு வாசகரிடம் விடுங்கள். ‘பாதுகாப்பான அலை’ என்றோ ‘கொல்லும் கதிர்’ என்றோ தீர்ப்பைப் பெயருக்குள் ஒளித்து வைக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

‘கம்பியில்லா மின்சாரம்’ என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் பக்கத்தில் விளைநிலத்தில் உயர்மின் கோபுரம் வேண்டாம் என்று விவசாயிகள் எவ்வளவு நாள் போராடினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கொண்டுவரும் லைன் இங்கே வந்து முடிகிறது. கோபுரம் கண்டு நொந்தவர் காதில் ‘கம்பியில்லா மின்சாரம்’ என்று விழுந்தால், இனிக் கோபுரமே கிடையாது என்று அர்த்தமாகும். உண்மையில் மேலிருந்து தரைக்கு வரும் அந்த ஒரு பகுதிக்குத்தான் கம்பி இல்லை. தரையில் வாங்கிய பிறகு கோபுரமும் கம்பியும் வேண்டும். ‘கம்பியில்லாமல் தரைக்கு அனுப்பும்’ என்று வினையோடு சேர்த்து எழுதுங்கள். மின்சாரத்துக்கே அடைமொழியாக்காதீர்கள்.

தரையில் வாங்கும் பந்தல்

வந்த நுண்ணலையை வாங்கி நேர்த்திசை மின்சாரமாக மாற்றும் கம்பி அமைப்புக்கு ஆங்கிலத்தில் ‘ரெக்டெனா’. அலைதிருத்தியையும் (ரெக்டிஃபையர்) ஆண்டெனாவையும் ஒட்டி வைத்த பெயர். வில்லியம் பிரவுன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1960களில் அதைச் செய்து காட்டினார். 1975இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கு மேல் இப்படி அனுப்பி வாங்கினார்கள். ‘அலைதிருத்தும் அலைவாங்கி’ என்று பாடநூல் சொற்களை ஒட்டினால் வாய் இடறுகிறது. ‘டிஷ்’ என்றால் மாடியில் இருக்கும் டிவி டிஷ். இது டிஷ் இல்லை. ஏக்கர் கணக்கில் கம்பங்கள் நட்டு, மேலே கம்பிவலை விரித்து, கீழே வெளிச்சம் விழும்படி விடுவார்கள்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் போனால் அதைப் பார்க்கலாம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்துக் கட்டி, பாகலும் புடலையும் பீர்க்கனும் படர விட்டிருப்பார்கள். பந்தல். அந்த வார்த்தை கிடைத்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ‘அலைவாங்கிப் பந்தல்’ என்று எழுதத் தொடங்கினேன். அடியில் பயிர் வைக்கலாமா என்ற ஆய்வுக் கேள்வியும் பந்தல் என்றவுடன் தானாகவே வந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: மற்ற மாவட்டத்தில் பந்தல் என்றால் கல்யாணப் பந்தல். முதல் முறை ‘கம்பிப் பந்தல்’ என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பொறியியல் மாணவர்களுக்கு எழுதினால் ‘ரெக்டெனா’ என்றே வைத்துக்கொள்ளலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஒரே கட்டுரையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதுதான் குற்றம். வாசகர் இரண்டு பொருள் என்று நினைத்துக்கொள்வார்.

அகராதியை எப்போது எடுப்பது

இவ்வளவும் செய்த பிறகு எடுங்கள். முதலில் பள்ளிப் பாடநூல், ஏனென்றால் பிள்ளைகள் அதைத்தான் படிக்கிறார்கள். பிறகு அரசின் சொற்குவைத் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொற்கள். ஏற்கெனவே நடக்கிற சொல் இருந்தால் புதிது செய்ய வேண்டாம். செயற்கைக்கோள், நுண்ணலை, சுற்றுப்பாதை எல்லாம் அப்படிக் கிடைத்தவை.

இந்த வேலையில் நாம் தனியாக இல்லை. தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகத் தொகுத்த பெரியசாமித் தூரன் ஈரோட்டுப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். 1954இல் முதல் தொகுதி வந்தது, 1968இல் பத்தாவது. கிளேசரின் கட்டுரையும் அதே 1968இல்தான். கோவையிலிருந்து ஜி.ஆர்.தாமோதரன் நடத்திய ‘கலைக்கதிர்’ அறிவியலைத் தமிழில் மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தது. பழைய இதழ்கள் நூலகத்தில் கிடைத்தால் புரட்டுங்கள். நின்ற சொற்களும் நிற்காத சொற்களும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கும். எது ஏன் நின்றது என்று யோசிப்பதே நல்ல பயிற்சி.

கடைசி அடி: காலத்தைப் பார்த்து, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்

சொற்களைத் தேர்ந்தாகிவிட்டது என்றால் வினைமுற்றுகளைப் பாருங்கள். நடந்தது எது, நடக்கலாம் என்பது எது? 2023இல் அமெரிக்காவின் கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) ஒரு சோதனைக் கருவியை விண்வெளிக்கு அனுப்பியது. அந்தக் கருவிக்குள்ளேயே சுமார் ஒரு அடி தூரத்தில் நுண்ணலையால் மின்சாரம் அனுப்பி இரண்டு சிறு எல்இடி விளக்குகளை எரிய வைத்தார்கள். பூமியை நோக்கி அனுப்பிய அலையை கலிபோர்னியாவின் பசடேனாவில் ஒரு கட்டடத்தின் கூரையில் உணர்ந்தார்கள். ‘விண்வெளியிலிருந்து மின்சாரம் வந்துவிட்டது’ என்று இதற்குத் தலைப்பு வைத்தால் தவறு. ‘அனுப்பிய அலையைத் தரையில் உணர்ந்தார்கள்’ என்பதுதான் நடந்தது. 5,000 மெகாவாட் என்பது 1979இல் தாளில் போட்ட கணக்கு; அதற்கு ‘அனுப்பும்’ என்று எழுதாமல் ‘அனுப்பும்படி வடிவமைத்தார்கள்’ என்று எழுத வேண்டும்.

அப்புறம் மின்சாரத்தோடு பழகிய, ஆனால் இந்தப் பொருளைக் கேள்விப்படாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். வயர்மேன், தறிக்காரர், மோட்டார் ரீவைண்டிங் செய்பவர், யாராக இருந்தாலும் சரி. புரிந்ததா என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகப் புரிந்தது என்பார்கள். “இதுல உங்களுக்கு என்ன கேக்கணும்னு தோணுது?” என்று கேளுங்கள். வரும் கேள்வியில் எந்தச் சொல் தவறியது என்று தெரிந்துவிடும்.

நான் அந்தத் தறிக்காரப் பெரியவரிடமே போனேன். படித்துக் காட்டிய பத்தி இது:

“விண்வெளியில் எடுத்துப் பூமிக்கு அனுப்பும் சூரிய மின்சாரம் என்பது ஒரு யோசனை, இன்னும் எங்கும் நடைமுறைக்கு வரவில்லை. சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் சோலார் பேனல்களை விரிக்கும். அங்கே ஏறத்தாழ எந்நேரமும் வெயில். பேனல் தரும் மின்சாரத்தை ஒரு கருவி நுண்ணலையாக மாற்றிக் கம்பியில்லாமல் தரைக்கு அனுப்பும். தரையில் கம்பிப் பந்தல் போல விரித்த அமைப்பு அந்த அலையை வாங்கித் திரும்பவும் மின்சாரமாக்கி ஊர் லைனில் சேர்க்கும். 5,000 மெகாவாட்டுக்கு வடிவமைத்த ஒரு பழைய திட்டத்தில் அந்தப் பந்தல் 13 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் கொண்ட முட்டை வடிவம்.”

அவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். பேட்டரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்தப் பந்தலுக்கு எத்தனை ஏக்கரா வேணுங் கண்ணு? யார் காட்டுல போடுவாங்க?”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 25,000 ஏக்கர். பத்தியின் கடைசியில் அதையும் சேர்த்துவிட்டேன்.